‘மனசு சரியில்லை’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

தலைப்பில் இருக்கிற கேள்விக்கு முதலில் ஒரு பதில் சொல்லிப் பாருங்கள். ‘சேட்’ என்பீர்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு ‘அப்செட்’ என்பீர்கள். ‘ஃபீலிங் லோ’ என்றுகூடச் சொல்லலாம். எதுவுமே சரியாகப் பொருந்தாது. மனசு சரியில்லை என்பதற்குள் வருத்தம் இருக்கலாம், கோபம் இருக்கலாம், எதையும் செய்யப் பிடிக்காத அசதி இருக்கலாம், நேற்று யாரோ சொன்ன ஒரு சொல் இருக்கலாம். எது என்று சொல்கிறவருக்கே தெரியாது. தெரியாததால்தான் அப்படிச் சொல்கிறார்.

இப்போது திருப்பிப் போடுவோம். ‘பவுண்டரி’ என்று மனநலம் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன? நமக்குத் தெரிந்த பவுண்டரிக்கு நாலு ரன் கிடைக்கும், அவ்வளவுதான் :) “அம்மா என் போனை எடுத்துப் பார்க்கக்கூடாது” என்பதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் முடித்துவிடலாம். தமிழில் சொன்னால் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும்.

நம்மில் பலர் இந்த இரண்டு மொழிக்கும் நடுவில்தான் வாழ்கிறோம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், நண்பர்களிடம் இரண்டும் கலந்த ஒன்று. அப்படிப்பட்ட ஒருவர் மனம் நொந்துபோய் உதவி தேடும்போது எந்த மொழியில் பேச வேண்டும்? இணையவழி மனநல ஆலோசனை பரவிவிட்ட இந்தக் காலத்தில் இது முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

(கவுன்சிலர் என்று எழுதினால் சிலருக்கு வார்டு கவுன்சிலர் நினைவுக்கு வருவார். ஆகவே ‘ஆலோசகர்’ என்றே எழுதுகிறேன்.)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மொழி தெரிந்த ஆலோசகரின் பயன் மொழிபெயர்ப்பதில் இல்லை. எதிரில் இருப்பவர் எப்போது எந்த மொழிக்குத் தாவுகிறார், ஏன் தாவுகிறார் என்று அவருக்குக் கேட்கிறது. அதுதான் பயன். ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்கு அது எந்த மொழியாக இருந்தாலும் பாதிதான் கேட்கும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்து, பொறியியல் முடித்து, பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் முப்பது வயதுக்காரர். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. இணையத்தில் தேடி ஓர் ஆலோசகரிடம் நேரம் வாங்குகிறார். வீடியோ திறந்ததும் ஆங்கிலத்தில்தான் தொடங்குவார். அதுதான் ‘டீசன்ட்’ என்று நமக்குப் பழகிவிட்டது. வேலைப்பளு, மேனேஜர், அப்ரைசல் என்று இருபது நிமிடம் கோர்வையாகப் பேசுவார். கேட்க ஏதோ அலுவலக மீட்டிங் மாதிரி இருக்கும்.

தமிழ் தெரிந்த ஆலோசகர் அந்த இடத்தில் மெல்லக் கேட்கலாம்: “இதையே உங்க அண்ணன்கிட்ட சொல்றதா இருந்தா எப்படிச் சொல்வீங்க?” அவ்வளவுதான். கோர்வை உடையும். “நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு மேடம். ஊருக்குப் போகவே பிடிக்கல” என்று வரும். அலுவலகப் பிரச்சினை என்று தொடங்கியது ஊருக்கு வந்து நிற்கும். விஷயம் அங்கேதான் இருந்திருக்கிறது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். கேத்தரின் ஹாரிஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தைப் பின்னால் கற்றவர்களின் விரல்களில் கருவியைப் பொருத்தி, தோலில் ஏற்படும் மின் மாற்றத்தை அளந்தார்கள். மனம் பதறினால் கை லேசாக வியர்க்கும், கருவி அதைக் காட்டிவிடும். சாதாரணச் சொற்கள், கெட்ட வார்த்தைகள், சின்ன வயதில் பெற்றோர் திட்டும் சொற்கள் எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் கொடுத்தார்கள். திட்டும் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது உடல் அதிர்ந்த அளவுக்கு ஆங்கிலத்தில் கேட்டபோது அதிரவில்லை.

நமக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ‘ஷேம் ஆன் யூ’ என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடலாம். “வெட்கமா இல்ல உனக்கு?” என்று கேட்டால் நாற்பது வயதிலும் கொஞ்சம் சுருங்கித்தான் போவோம். அந்தச் சொல்லை நாம் அகராதியில் கற்கவில்லை, அடியோடு சேர்த்துக் கற்றோம்.

அமெரிக்காவில் 2006-இல் கிரைனர், ஸ்மித் என்ற இருவர் 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பண்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றிய சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகள் அவை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு அவரவர் மொழியில் கொடுத்த சிகிச்சையின் பலன், ஆங்கிலத்தில் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு இருந்தது என்பது அவர்கள் கண்டது.

சரி, அப்படியானால் ‘தாய்மொழியில் பேசு, எல்லாம் சரியாகும்’ என்று முழக்கம் எழுதி முடித்துவிடலாமா? முடியாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

சில விஷயங்களைத் தமிழில் சொல்லவே முடியாது. உடலுறவு சம்பந்தமான ஒரு பிரச்சினையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒன்று கெட்ட வார்த்தை இருக்கும், இல்லாவிட்டால் பாடப்புத்தக வார்த்தை இருக்கும். நடுவில் புழங்குகிற சொல் கிடைக்காது. சின்ன வயதில் உறவினர் ஒருவர் தவறாக நடந்துகொண்டதைச் சொல்ல வருகிற ஒரு பெண்ணுக்கு ‘அப்யூஸ்’ என்ற சொல் ஒரு கையுறை மாதிரி. சூடான பாத்திரத்தை அதை வைத்துத்தான் பிடிக்க முடியும். கையுறையைக் கழற்று, தமிழில் சொல் என்று முதல் நாளே கட்டாயப்படுத்தினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1880-இல் வியன்னாவில் பெர்த்தா பாப்பென்ஹைம் என்ற இளம்பெண் நோயாளியான தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது தானும் நோயுற்றார். யோசப் பிராயர் என்ற மருத்துவர் அவரைப் பார்த்தார். ஒரு கட்டத்தில் அந்தப் பெண்ணால் தாய்மொழியான ஜெர்மனில் பேசவே முடியவில்லை, ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். பிராயருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது, அதனால் பேச்சு நடந்தது. தன் மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்லப் பாரம் குறைகிற அந்த முறைக்கு ‘டாக்கிங் க்யூர்’, அதாவது பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பெயரை ஆங்கிலத்தில்தான் வைத்தார். 1895-இல் பிராயரும் ஃபிராய்டும் எழுதிய புத்தகத்தில் ‘அன்னா ஓ’ என்ற பெயரில் வருகிற பெண் இவரே. புத்தகத்தில் சொன்ன மாதிரி அவர் உடனே குணமாகிவிடவில்லை, அதன் பிறகும் மருத்துவ விடுதிகளில் இருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பேச்சு வழியாக மனதுக்கு வைத்தியம் என்ற துறையின் முதல் கதையிலேயே இரண்டு மொழி தெரிந்த நோயாளியும் இரண்டு மொழி தெரிந்த மருத்துவரும் இருக்கிறார்கள். பிராயருக்கு ஜெர்மன் மட்டும் தெரிந்திருந்தால் அந்தப் பெண் பேசியதே அவருக்குப் புரிந்திருக்காது.

ஆகவே எந்த மொழி நல்லது என்று கேட்பதில் பயனில்லை. இந்த நிமிடத்தில் இவருக்கு எது தாங்கும் என்றுதான் கேட்க வேண்டும். நல்ல ஆலோசகர் சில நேரம் ஆங்கிலத்தில் இருக்க விடுவார், சில நேரம் தமிழுக்கு அழைப்பார். இடையில் நடக்கும் தாவலைக் கவனிப்பார். “அப்பா குடிச்சிட்டு வருவார்... எனிவே, இட்ஸ் ஓகே நௌ” என்று ஒருவர் சொன்னால் அந்த ‘எனிவே’ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். தமிழ் தெரியாதவருக்கு முதல் பாதி புரியாது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார் என்று போய்விடும். இரண்டும் தெரிந்தவர் கதவு சாத்தியதைக் குறித்துக்கொள்வார். உடனே திறக்கச் சொல்ல வேண்டியதில்லை, குறித்துக்கொண்டால் போதும்.

தமிழுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு.

1. ‘மன அழுத்தம்’ என்ற சொல். பத்திரிகைகள் ‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கும் இதையே போடுகின்றன, ‘டிப்ரஷ’னுக்கும் இதையே போடுகின்றன. பரீட்சைக்கு முந்தின நாள் இருக்கும் படபடப்பும், இரண்டு மாதமாகக் குளிக்கக்கூட எழ முடியாத நிலையும் ஒன்றா? மனச்சோர்வு என்ற நல்ல சொல் இருக்கிறது, ஆனால் யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே ஒருவர் “மன அழுத்தமா இருக்கு” என்றால் ஆலோசகர் தலையாட்டிவிட்டுப் போகக்கூடாது. எந்திரிச்சு வேலை பார்க்க முடியுதா, சாப்பிடத் தோணுதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. உடம்பு வழியாகப் பேசுவது. நெஞ்சு படபடக்குது, வயித்தைப் பிசையுது, கை கால் ஓஞ்சு போச்சு, தலை கனக்குது. நம் அம்மாக்களும் அப்பாக்களும் மனதைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். சிலருக்கு இது உண்மையிலேயே உடம்புக் கோளாறாகவும் இருக்கும். ‘நெஞ்சு அடைக்குது’ என்பதை உருவகம் என்று எடுத்துக்கொண்டு இதய நோயைக் கோட்டைவிடவும் கூடாது, மாத்திரை போதும் என்று மனதைக் கோட்டைவிடவும் கூடாது.

3. நீயா, நீங்களா? ஆங்கிலத்தில் ‘யூ’ என்றால் முடிந்தது. தமிழில் வாயைத் திறந்ததும் உறவு முறை தீர்மானமாகிவிடுகிறது. இருபத்தேழு வயது ஆலோசகரிடம் ஐம்பத்தைந்து வயதுக்காரர் வந்து, பத்து நிமிடத்தில் “நீ என் பொண்ணு மாதிரிம்மா” என்று சொல்லிவிடுவார். பொண்ணு மாதிரி என்று ஆகிவிட்டால், அந்தப் பெண்ணிடம் தன் குடிப்பழக்கத்தைப் பற்றி எப்படிப் பேசுவார்? பாசத்தையும் புண்படுத்தாமல், தான் மகள் இல்லை என்பதையும் மறக்கவிடாமல் பேசத் தெரிய வேண்டும். இதை எந்த ஆங்கிலப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது.

4. கேள்வித்தாள்கள். மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் 2001-இல் அறிமுகமானது. கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. இதைத் தமிழில் பெயர்த்தால் இயல்பாகவே எழுத்துத் தமிழில்தான் வரும். எழுத்துத் தமிழில் யாரும் அழுவதில்லை. அதைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிக் கேட்கிற வேலை ஆலோசகருடையது.

அந்த ஒன்பதாவது கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்பது அது. “செத்துப் போயிடலாம் போல இருக்கு” என்பதை நாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் சொல்கிறோம், வெயிலடித்தாலும் சொல்கிறோம். அதனாலேயே உண்மையாகச் சொல்கிறவரின் குரலும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறது. தமிழ் தெரிந்த ஆலோசகருக்கு இது சாதகமும்தான், ஆபத்தும்தான். வழக்கமான பேச்சு என்று அவரே தாண்டிப் போய்விடலாம். நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்: “நிஜமாவே உயிரை விட்டுடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் நிம்மதிதான் வருகிறது.

இனி இணையத்துக்கு வருவோம்.

திரை வழியாக மனநல உதவி என்பது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1950-களின் கடைசியிலேயே இருவழித் தொலைக்காட்சி வைத்து மனநல சிகிச்சை செய்து பார்த்திருக்கிறார்கள். நம் ஊரிலும் உண்டு. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. கிராமத்துக்காரர் பேருந்தில் ஏறி உட்காருவார், திரையில் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் பேசுவார், மருந்தும் அந்தப் பேருந்திலேயே கிடைக்கும். 2020 மார்ச்சில் மத்திய அரசு மருத்துவர்களுக்கான தொலைமருத்துவ விதிமுறைகளை வெளியிட்டது. 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், டெலி-மானஸ் என்ற இலவச சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இதெல்லாம் ஏன் தேவை? 2015-16-இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி (தமிழ்நாடும் அதில் ஒன்று) வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். பத்துப் பேரில் ஏழு பேராவது உதவி இல்லாமல் இருக்கிறார்கள்.

இணையத்தின் பெரிய நன்மையாக எல்லோரும் தூரத்தைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் மொழிதான் பெரிய நன்மை. சூரத்தில் வேலை பார்க்கும் தமிழருக்கு அவர் தெருவில் தமிழ் தெரிந்த ஆலோசகர் கிடைப்பாரா? நார்வேயில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு? இணையம் வந்த பிறகு கிடைக்கிறார். ஆனால் அங்கேயும் ஒரு கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பேசுவது ‘கதைக்கிறது’. சென்னைக்காரர் கதை என்றால் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார். தமிழ் தெரியும் என்பதாலேயே எல்லாத் தமிழும் தெரியும் என்று ஆகாது.

தீமையும் உண்டு. ஆலோசகரின் அறையில் கதவு இருக்கும். நம் வீட்டில்? ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நடுவில் ஒரு திரைச்சீலை. அப்பா டிவி பார்க்கிறார், அம்மா அடுப்படியில் இருக்கிறார், பாட்டி எங்கேயும் இருப்பார். இந்த வீட்டில் இருந்துகொண்டு மாமியாரைப் பற்றி ஆலோசகரிடம் தமிழில் சொல்ல முடியுமா?

இங்கே மொழி வேறொரு வேலையும் செய்கிறது. அது சுவராக நிற்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாத வீட்டில் ஆங்கிலம்தான் சுவர். அறைத்தோழர்கள் எல்லோரும் இந்திக்காரர்களாக இருக்கும் பெங்களூர் பி.ஜி.யில் தமிழ்தான் சுவர். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார் என்றால் அது நாகரிகத்துக்காகவும் இருக்கலாம், வலியிலிருந்து தள்ளி நிற்கவும் இருக்கலாம், பக்கத்து அறையில் அத்தை இருப்பதாலும் இருக்கலாம். மூன்றையும் பிரித்தறியாமல் “ஏன் தமிழைத் தவிர்க்கிறார்?” என்று ஆராய்வது வீண். ஆகவே பேச்சு தொடங்கும் முன் ஆலோசகர் கேட்க வேண்டியது: “பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்.” இயர்போன் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். மொட்டை மாடிக்குப் போகச் சொல்லலாம். குறிப்பிட்ட பகுதியை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லலாம். எந்த இடத்தில் இருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். விலாசம் தெரியாவிட்டால் 108-ஐ எங்கே அனுப்புவது?

தட்டச்சில் வேறு தொல்லை. ‘முடியல’ என்று ஒருவர் அனுப்புகிறார். உடம்புக்கு முடியலையா? வேலை செய்ய முடியலையா? இனிமேல் தாங்க முடியலையா? அல்லது வடிவேலு பாணியில் சிரிக்கிறாரா? குரலில் கேட்டால் ஒரு நொடியில் தெரியும். எழுத்தில் தெரியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது எதிர்க்கருத்துகள். நண்பர்களிடம் இதைப் பேசியபோது மூன்று வந்தன.

“இரண்டு மொழி தெரிந்தால் போதுமா? நம்ம பக்கத்து வீட்டு அக்காவுக்கும்தான் தெரியும்.” போதாது. படிப்பும் பயிற்சியும் முதலில், மொழி அதற்குப் பிறகு. மனநல மருத்துவர் மருந்து எழுதலாம், ஆலோசகர் எழுதக்கூடாது. மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள், அதற்கு 1992-லேயே சட்டம் உண்டு. ஆலோசகர்களுக்கோ நெடுங்காலம் அப்படி ஒரு பதிவே இல்லை. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ஆம் வருடச் சட்டம்தான் அவர்களையும் பட்டியலில் சேர்த்தது. ஆகவே என்ன படித்திருக்கிறீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“இதற்கு இயந்திர மொழிபெயர்ப்பு போதாதா?” ‘நெஞ்சு அடைக்குது’ என்பதை அது ஆங்கிலமாக மாற்றிவிடும். அந்த ‘எனிவே’ எந்த மொழியில், எந்த இடத்தில் வந்தது என்பது மொழிபெயர்த்த பிறகு மிஞ்சாது. எல்லாமே ஒரே மொழியாகிவிடும். நான் மேலே சொன்ன தாவல்கள் அத்தனையும் அழிந்துவிடும்.

மூன்றாவதுதான் கனமானது. “தமிழ் ஆலோசகர் என்றாலே எனக்குப் பயம். முதல் கேள்வியே ‘எந்த ஊரு?’ என்று இருக்கும். அடுத்தது ‘அங்க எந்தப் பக்கம்?’ என்று வரும்.” அது எதற்கான கேள்வி என்று நம் எல்லோருக்கும் தெரியும். பேச்சிலேயே ஊரும் சாதியும் தெரிந்துவிடுகிற மொழி நம்முடையது. சாதி மாறிக் காதலித்ததால் வீட்டில் அடி வாங்கிய ஒருவருக்கு, தமிழ் தெரியாத ஆலோசகர் பாதுகாப்பாகத் தெரிவதில் என்ன தவறு? போதாததற்கு “நம்ம வீட்டுல எல்லாம் அப்படித்தானே, பெரியவங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்று ஆலோசகரே சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அது ஆலோசனை இல்லை, இன்னொரு அத்தை.

இந்த எதிர்ப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே மொழி, ஒரே பண்பாடு என்பது நெருக்கம் தரும், அதே நெருக்கம் சோம்பலையும் தரும். ‘எனக்குத் தெரியும்’ என்று ஆலோசகர் நினைத்த நிமிடத்தில் கேட்பது நின்றுவிடும். அதனால்தான் மொழி தெரிந்தவர் என்று மட்டும் சொல்லாமல், அந்த மொழியில் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்கிறேன். ஊர் கேட்கும் பழக்கத்தை விடுவதும் பயிற்சிதான்.

அந்தரங்கத்தைப் பற்றியும் ஒரு வரி. இணைய ஆலோசனை நிறுவனங்கள் எல்லாமே ரகசியம் காக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம், வாடிக்கையாளர்களின் தகவலை ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்ற புகாரில், 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமை என்றே சொல்கிறது. செயலியைத் தரவிறக்கும் முன் அது எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

கல்லூரிகள்: உளவியல் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகிறது, புத்தகங்களும் ஆங்கிலம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் செய்முறைப் பயிற்சியில் பாதியாவது தமிழில் நடக்க வேண்டும். மதுரைப் பக்கத்துப் பாட்டியிடம் ‘ஆங்சைட்டி’யை விளக்கத் தெரியாத முதுகலைப் பட்டம் மதுரையில் எதற்கு?

இணைய நிறுவனங்கள்: ஆலோசகரின் படத்துக்குக் கீழே ‘தமிழ், ஆங்கிலம்’ என்று இரண்டு டிக் போட்டால் ஆயிற்றா? வீட்டில் பேசும் தமிழா, அந்த மொழியில் ஆலோசனைப் பயிற்சி எடுத்தவரா என்று எழுதுங்கள். இரண்டும் வேறு.

உதவி தேடுகிறவர்கள்: முதல் நாளே கேளுங்கள். “நான் ரெண்டு மொழியும் கலந்துதான் பேசுவேன், பரவாயில்லையா?” “திடீர்னு தமிழ்ல அழுதா உங்களுக்குப் புரியுமா?” சிரிக்காமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றலாம், அது துரோகம் இல்லை. காசு இல்லை என்றால் 14416 இருக்கிறது. சுத்தத் தமிழில் பேச வேண்டும் என்று அங்கே யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள். இலக்கணப் பிழையோடு பேசலாம், பாதி வாக்கியத்தில் நிறுத்தலாம்.

“எனக்கு என்னவோ தெரியல, மனசு சரியில்லை” என்று மட்டும் சொன்னாலும் போதும். அது என்ன என்று சேர்ந்து தேடுவது அவர்கள் வேலை.

உங்களுக்கு எந்த மொழியில் அழுகை வருகிறது? மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லுங்கள், பேசுவோம்.